தேக்சா ஏறிருச்சா?

முஸ்கானின் நிக்காஹுக்கு மூன்று நாள் இருக்கையில், அவளுடைய அத்தா கலீபுல்லா வீட்டில் இருக்க முடியாமல் குரங்கணிக்குப் போகிற ஜீப்பில் ஏறி உட்கார்ந்துகொண்டார். போடி பஜாரில் சாக்கு, படுதா, கயிறு விற்கும் கடை அவருடையது. கல்யாண வீட்டுக்காரர் கடையைப் பூட்டிவிட்டு மலைப்பக்கம் ஏன் போகிறார் என்று ஜீப்பில் இருந்த யாரும் கேட்கவில்லை. தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்பு அது. கேள்வி கேட்பதற்கு முதலில் மூச்சு விட இடம் வேண்டும்.

குரங்கணியில் இறங்கி, காப்பிச் செடிகளுக்கு நடுவே ஏறும் தடத்தில் நடந்தார். முந்தின நாள் பெய்த மழையில் மண் வழுக்கியது. ஸ்டோர் கண்ணில் படுவதற்கு முன்பே அதன் வாசனை வந்துவிட்டது. பறித்த ஏலக்காயைப் பச்சை நிறம் போகாமல் உலர்த்துகிற கட்டடத்தை இந்தப் பக்கம் ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள். அடுப்பு வெளியே இருக்கும். அதிலிருந்து ஒரு தகரக் குழாய் சுவரைத் துளைத்து உள்ளே போய், அறையைச் சுற்றி வந்து, மறுபக்கம் புகைபோக்கியாக மேலே ஏறும். நெருப்பு வெளியிலேயே நின்றுவிடும், சூடு மட்டும் உள்ளே போகும். அந்த அடுப்பைப் பார்த்துக்கொள்கிறவர் காமராஜ். கலீபுல்லாவுக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்து கூட்டாளி.

"என்ன மாப்ளே, மாப்பிள்ள வீட்டுக்காரன் வர்றதுக்கு முந்தி பொண்ணு வீட்டுக்காரன் ஓடி வந்துட்டியா?" என்றார் காமராஜ், விறகைத் தள்ளிக்கொண்டே.

"ஓடித்தான் வந்துருக்கேன். மத்தியானம் ஆலங்கரைக்காரங்க தேக்சாவோட வர்றாங்க."

"வரட்டுமே. மெஹ்ராஜ் தங்கச்சி எத்தன வருசமாச் சொல்லிக்கிட்டு இருந்துச்சு."

"வர்றதுல ஒண்ணுமில்ல. திங்கக்கெழம திரும்பிப் போகும். அதுதான் அவளுக்குத் தெரியாது."

காமராஜ் விறகைக் கீழே போட்டார். "அதுகிட்ட என்ன சொன்னே?"

"இனிமே இங்கயேதான்னு சொன்னேன்."

"அவங்ககிட்ட?"

"கல்யாணத்துக்கு மட்டும் குடுங்க, மறுநாளே எடுத்துக்கங்கன்னு சொன்னேன்."

"சாக்குக்கடக்காரன் புத்தி போகுமா? ஒரே சாக்க ரெண்டு பேருக்கு வித்துட்டு மலையேறி வந்துருக்க."

தேக்சா என்பது பிரியாணி ஆக்குகிற பெரிய செம்புப் பாத்திரம். கலீபுல்லாவின் அத்தா மதுரையில் சொல்லிச் செய்து வாங்கியது. கழுத்தில் அவர் பெயரும் போடி என்று ஊரும் வெட்டியிருக்கும். காலியாக இருந்தாலே நாலு பேர் தூக்க வேண்டும். அந்தக் குடும்பத்துக் கல்யாணங்களும் தெருவில் பாதிப் பேருடைய கல்யாணங்களும் அதில் ஆக்கிய சோற்றோடுதான் நடந்தன. கலீபுல்லாவின் மனைவி மெஹ்ராஜ் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த அன்று நல்ல மழை. மாப்பிள்ளைக்குக் குடை போல் பிடிக்க எடுத்து வைத்திருந்த படுதாவை மாமனார் பிடுங்கி, தேக்சாவுக்கு மேலே பிடிக்கச் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை கலீபுல்லா தெரு முழுக்க நனைந்துகொண்டு வந்தார். "என் கல்யாணத்துல நனையாம இருந்தது சோறு ஒண்ணுதான்" என்று மெஹ்ராஜ் இன்றைக்கும் சொல்வார். குறை சொல்வது போலத்தான் ஆரம்பிப்பார், பாதியில் சிரித்துவிடுவார்.

ஏழு வருடத்துக்கு முன்னால் கீழ்க்கடற்கரையில் ஒரு பெரும்புயல் கரையேறியது. வேதாரண்யத்துக்குத் தெற்கே நிற்கிற தென்னையே இல்லை என்று செய்தி வந்தது. போடி வியாபாரிகள் அரிசி, பாய், போர்வை என்று சேர்த்தார்கள். கலீபுல்லா கடையிலிருந்த படுதாக்களை லாரியில் ஏற்றினார். எல்லாம் ஏற்றிக் கயிறு கட்டும்போது, பண்டாரி சஜ்ஜாத் வந்து, "அரிசியக் குடுக்குறீங்க, சரி. அவங்க எதுல ஆக்குவாங்க?" என்று கேட்டார். கல்யாணங்களுக்குச் சமைக்கிறவர் அவர். அவருக்கு அந்தக் கேள்விதான் தோன்றும். மெஹ்ராஜ் அன்றைக்குக் கம்பத்தில் தாய்வீட்டில் இருந்தார். போன் செய்து கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்பதால் கலீபுல்லா போன் செய்யவில்லை. தேக்சாவையும் ஏற்றி, சஜ்ஜாத்தையும் காமராஜையும் கூட்டிக்கொண்டு, அந்தக் கரையில் இருக்கும் ஆலங்கரைக்கு லாரியோடு போய்விட்டார். மெஹ்ராஜ் திரும்பி வந்து சாமான் அறையைத் திறந்தபோது, தேக்சா இருந்த இடத்தில் தரையில் வட்டமாக ஒரு தடம் இருந்தது. அந்த வட்டத்துக்குள் வேறு எதையும் வைக்க அவர் இன்றுவரை விடவில்லை. முஸ்கானின் கல்யாணச் சோறு அந்தத் தேக்சாவில்தான் வேக வேண்டும் என்று அன்றே சொல்லிவிட்டார். அதற்குப் பிறகும் சொல்லாத மாதம் இல்லை.

"மொத நாளு சஜ்ஜாத் பாய் ஆக்குன சோறு ஞாபகம் இருக்கா?" என்றார் காமராஜ். அடுப்பு வாய் அருகே இரண்டு பேரும் குந்தியிருந்தார்கள். அடுப்புக் கூரைக்கு வெளியே சாரல் மறுபடி பிடித்திருந்தது.

"மறக்குமா?"

அதை அவர்கள் இருவரும் எத்தனையோ தடவை பேசியாகிவிட்டது. இருந்தாலும் முதலிலிருந்து பேசினார்கள். ஆலங்கரைப் பள்ளிக்கூட மைதானத்தில் சஜ்ஜாத் போடிக் கணக்கில் உப்புப் போட்டுச் சோறு ஆக்கினார். ஜனம் வரிசையாக வந்து வாங்கியது. இரண்டு வாய் தின்றது. தண்ணீர் குடித்தது. மறுபடி இரண்டு வாய். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சஜ்ஜாத்துக்கு, தன் கைப்பக்குவத்தில் ஊரே வாயடைத்துப் போய்விட்டது என்று நினைப்பு. கடைசியில் மெலிந்த ஒரு பெண், கையில் தட்டோடு வந்து நின்றார். "அண்ணே, அவ்வளவு தூரத்துலேர்ந்து வந்து ஆக்கிப் போடுறீங்க, குத்தம் சொல்லக் கூடாது. எங்க கெணத்துல கடல் பூந்துருச்சு. தண்ணியிலயே உப்பு இருக்கு. நீங்க வேற போடணுமா?" என்றார். அந்தப் பெண்தான் தமிழ்செல்வி. மலையில் ஓடுகிற தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்களுக்கு, ஆக்குவதற்கு முன்னால் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை.

மறுநாள் உப்பு சரியாக இருந்தது, நெருப்பு நிற்கவில்லை. மரமெல்லாம் சாய்ந்த வெட்டவெளி. மூன்று கல்லைக் கூட்டி வைத்த அடுப்பில் காற்று ஒரு பக்கம் நுழைந்து தீயை மறுபக்கம் இழுத்துக்கொண்டு போனது. மலையில் எங்கே அடுப்பு மூட்டினாலும் மறைப்பதற்கு ஒரு பாறையாவது இருக்கும். காமராஜ் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சாயங்காலம் மண்வெட்டி கேட்டார். தேக்சாவின் கழுத்து மட்டும் வெளியே தெரியும்படி சுற்றிலும் மண் சுவர் எழுப்பினார். காற்று வராத பக்கத்தில் விறகுக்கு வாய் விட்டார். பறந்து கிடந்த கூரைத் தகரத்தைச் சுருட்டிக் குழாயாக்கிப் புகைக்கு வழி செய்தார். ஏலக்காய் ஸ்டோர் அடுப்பேதான். அறைக்குப் பதிலாகத் தேக்சா. அதற்குப் பிறகு எந்தக் காற்றிலும் அந்த அடுப்பு அணையவில்லை.

"ஒரு வாரம்னு போனோம். மாசம் ஓடிப் போச்சு" என்றார் கலீபுல்லா.

"அந்த மாசம் தூங்குன மாதிரி நான் எங்கயும் தூங்குனதில்ல மாப்ளே. காலையில முழிச்சா எதுக்க ஒண்ணுமே இருக்காது. வானம்தான். இங்க முழிச்சா மூஞ்சிக்கு நேரா மலை."

"கொசுக்கடின்னு தெனமும் அழுதே."

"அது வேற."

கிளம்பும் அன்று தேக்சாவில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. கொதிக்கிற பாத்திரத்தை இறக்கி வாங்கிக்கொண்டு வர யாருக்கும் மனசு வரவில்லை. பிறகு ஊரில் புயல் பாதுகாப்பு மையம் கட்டினார்கள். காமராஜின் மண் அடுப்பை அப்படியே அளவெடுத்து, தேக்சாவை நடுவில் வைத்துச் செங்கல்லும் சிமெண்டுமாகக் கட்டிவிட்டார்கள். வேறு எந்தப் பாத்திரமும் அதில் உட்காராது. கலீபுல்லா இதை மெஹ்ராஜிடம் சொல்லவே இல்லை.

"இன்னைக்கே சொல்லிரு" என்றார் காமராஜ்.

"கல்யாணம் முடியட்டும்."

"அப்பச் சொன்னா ஒன்னைய அதுலயே போட்டு ஆக்கிரும்."

மத்தியானம் தெருவுக்குள் ஒரு குட்டியானை வண்டி வந்து நின்றது. ஓட்டி வந்தது தமிழ்செல்வியின் தம்பி மனோஜ். பின்னால் படுதா போர்த்திக் கயிறு கட்டிய தேக்சா. தமிழ்செல்வி இப்போது அந்த ஊர் மகளிர் குழுத் தலைவி. மையத்தில் சமையல் அவர் பொறுப்பு. பொங்கலுக்கும் பெருநாளுக்கும் போன் செய்வார் என்பதால் மெஹ்ராஜுக்கு அவர் குரல் தெரியும். முகம் பார்த்ததில்லை.

"குரலுக்கு நீ வாட்டசாட்டமா இருப்பேன்னு நெனச்சேன்" என்றார் மெஹ்ராஜ், அவர் கையைப் பிடித்துக்கொண்டு.

"குரலு மட்டும்தான்க்கா வளந்துச்சு."

நாலு பேருக்கு அசையவில்லை, எட்டுப் பேர் சேர்ந்து இறக்கினார்கள். படுதாவை அவிழ்த்தால் தேக்சாவுக்குள் உப்பு மூட்டைகள்.

"வெறும் பாத்திரமா எப்படிக் கொண்டாறது? எங்க பக்கம் வெளையிறது இதுதான்" என்றார் தமிழ்செல்வி.

கல்யாணச் சமையலைப் பற்றிப் பேச வந்திருந்த சஜ்ஜாத் தலையில் கை வைத்துக்கொண்டார். "இத்தன வருசம் கழிச்சுமா? இதுக்கு என்னைய நேரா ரெண்டு வார்த்தை வஞ்சுட்டே போயிருக்கலாம்."

சிரிப்பு அடங்குவதற்குள் மெஹ்ராஜ் தேக்சாவை ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிட்டார். உள்ளே புதிதாக ஈயம் பூசியிருந்தார்கள். கழுத்தில் மாமனார் பெயர் தேயாமல் இருந்தது. விரலை வைத்து எழுத்து எழுத்தாகத் தடவினார். மறுபக்கம் வந்ததும் விரல் நின்றது. அங்கே சிவப்புப் பெயிண்டில், 'ஆலங்கரை புயல் மையம் - 1' என்று எழுதியிருந்தது.

"இது யாரு வேலை?"

"பஞ்சாயத்துல எழுதுனாங்கக்கா. மையத்துச் சாமானுக்கெல்லாம் நம்பரு போட்டாங்க."

"இது மையத்துச் சாமானா?"

"மொதல்ல டீயைக் குடிங்க" என்று கலீபுல்லா உள்ளே போனார். மெஹ்ராஜ் புளியும் தேங்காய் நாரும் எடுத்துக்கொண்டு வந்து, சேலையைச் செருகிக்கொண்டு, அந்தச் சிவப்பு எழுத்தின் முன்னால் உட்கார்ந்தார். கல்யாண வீட்டில் ஆயிரம் சோலி இருக்கிறதே என்று யாரோ சொன்னார்கள். அவர் காதில் வாங்கவில்லை.

சாயங்காலம் தமிழ்செல்வியின் போன் விடாமல் அடித்தது. ஒவ்வொரு தடவையும் அவர் வாசல் பக்கம் போய்ப் பேசிவிட்டு வந்தார். வங்கக் கடலில் இருந்த காற்றழுத்தம் புயலாக மாறிவிட்டது, ஞாயிற்றுக்கிழமை இரவு கரையேறலாம் என்று முஸ்கான் தன் போனில் பார்த்துச் சொன்னாள். கையில் மருதாணி வைத்திருந்ததால் ஒரு சுண்டுவிரலால் தொட்டுத் தொட்டுப் படத்தை நகர்த்தினாள். கடலில் ஒரு வட்டம், அதிலிருந்து கரையைப் பார்த்து ஒரு கோடு.

"அக்கா, நான் கல்யாணத்துக்கு இருக்க முடியாது. காலையிலேயே கெளம்பணும்" என்றார் தமிழ்செல்வி. "தேக்சா இங்கேயே இருக்கட்டும். அடுப்பு மேல கம்பி போட்டு சின்னச் சின்ன ஏனத்த வச்சு ஓட்டிக்குவோம். திங்கக்கெழம எடுத்துட்டுப் போயிரலாம்னுதான் வந்தோம். புயல் அதுக்குள்ள முந்திக்கிச்சு."

மெஹ்ராஜ் நிமிர்ந்தார். "திங்கக்கெழம எங்க எடுத்துட்டுப் போறது?"

தமிழ்செல்வி கலீபுல்லாவைப் பார்த்தார். கலீபுல்லா சுவரில் ஓடுகிற பல்லியைப் பார்த்தார்.

"ஏங்க, இங்க வாங்க."

"இங்கதானே இருக்கேன்."

"இங்கயேதான் இருக்கும்னு எங்கிட்டச் சொன்னீங்க. எடுத்துக்கிறலாம்னு அவகிட்டச் சொன்னீங்க. அப்பத் திங்கக்கெழம என்ன பண்ணலாம்னு இருந்தீங்க? பாதியா அறுத்துக் குடுக்கலாம்னா?"

"அன்னைக்கு எதாவது தோணும்னு நெனச்சேன்."

"அம்மா, விடும்மா" என்றாள் முஸ்கான். "நான் திங்கப் போறது ஒரு பிடி. அதையும் அன்னைக்கு எல்லாரும் பாக்குறாங்கன்னு திங்க மாட்டேன்."

"நீ சும்மா இரு. ஒங் கல்யாணம் ஒனக்கு மட்டும்னு நெனச்சியா? ஞாயித்துக்கெழம வரைக்கும் இந்தத் தேக்சா இந்த வாசல விட்டு நகராது. அதுக்குப் பொறவு எது வேணா ஆகட்டும்."

"அதுதான்க்கா நானும் சொல்றேன்" என்றார் தமிழ்செல்வி. அதில் ஒரு சின்ன மனக்குறைகூட இல்லை. அது மெஹ்ராஜுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. சண்டை போட வந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

மறுபடி தேய்க்க உட்கார்ந்தார். சிவப்பு எழுத்து முக்கால்வாசி போய்விட்டது. ஆனால் அதற்குக் கீழே, பாத்திரத்தின் தோளைச் சுற்றி ஒரு கறுப்புக் கோடு, ஒரே அளவில், கோலத்துக்குக் கம்பி இழுத்தது போல ஓடியது. கோட்டுக்கு மேலே செம்பு பளபளத்தது. கீழே எல்லாம் கரி ஏறி இறுகிக் கிடந்தது. போடியில் இருந்த காலத்தில் தேக்சாவுக்கு அடிப்பக்கம் மட்டும்தான் கரி பிடிக்கும். எவ்வளவு தேய்த்தும் அந்தக் கோடு போகவில்லை.

"இது என்ன?"

தமிழ்செல்வி பக்கத்தில் வந்து உட்கார்ந்து போனில் ஒரு படம் காட்டினார். தேக்சாவை எடுத்துக்கொண்டு கிளம்பிய அன்று எடுத்தது. செங்கல் அடுப்பு, புகைபோக்கி, நடுவில் பெரிய வட்டமாக ஓட்டை. யாரும் தவறி விழுந்துவிடாமல் இருக்க மேலே ஒரு பலகை போட்டு, பலகை மேல் கல் வைத்திருந்தார்கள். "கோடு வரைக்கும் உள்ளே இருக்கும்க்கா. காமராஜ் அண்ணன் போட்ட அளவு."

மெஹ்ராஜ் அந்த வட்டத்தை நேரம் போவது தெரியாமல் பார்த்தார். அவர் வீட்டுச் சாமான் அறையிலும் ஒன்று இருக்கிறது.

"சரி, நாளைக்கு இது இல்லாம வேற எதுலயாவது ஆக்கிக்குவீங்கள்ல?"

"சோறு ஆக்கிரலாம்க்கா. சோறு ஒண்ணும் பெருசில்ல."

"அப்பறம் என்ன?"

தமிழ்செல்வி போனை மடியில் வைத்தார். "ஆட்டோவுல மைக்கு கட்டிக்கிட்டு வருவாங்க. எல்லாரும் மையத்துக்கு வாங்கன்னு தெருத்தெருவா கத்துவாங்க. ஒருத்தரும் வர மாட்டாங்க. ஆட்ட விட்டுட்டு எப்படி வர்றது, வீட்ட யாரு பாப்பா, போன தடவையும் இப்படித்தான் சொன்னீங்க, அந்தப் பக்கம் போயிருச்சும்பாங்க. ரேடியோ சொன்னாலும் நம்ப மாட்டாங்க. ஆனா ஒருத்தர ஒருத்தர் கேட்டுக்குவாங்க, தேக்சா ஏறிருச்சான்னு. ஏறிருச்சுன்னா நெசம்னு அர்த்தம். அவ்வளவு அரிசிய யாரும் வெளையாட்டுக்குப் போட மாட்டாங்கள்ல? பொகையப் பாத்ததும் ஆடு மாட்ட அவுத்து விட்டுட்டு வரிசையா வந்துருவாங்க. போன வருசம் எங்க மாமியாரைக் கட்டிலோட தூக்கிட்டு வந்தாங்க. அவங்களும் கேட்டது அதைத்தான்."

"ஏறலைன்னா?"

"இதுவரைக்கும் ஏறாம இருந்ததில்லக்கா."

மெஹ்ராஜ் நாரைக் கீழே வைத்தார். கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனார். சாமான் அறைக் கதவு திறக்கும் சத்தமும், சிறிது நேரம் கழித்துச் சாத்தும் சத்தமும் கேட்டன. வெளியே வந்தவர் யாரையும் பார்க்காமல் சஜ்ஜாத்தைக் கூப்பிட்டார்.

"பாய், காலையில தொழுதுட்டு நேரா இங்க வந்து அடுப்ப மூட்டுங்க. தெருவுக்குப் பூரா சோறு. எம் மக அதுல மொத வாய் தின்னணும். அதுக்கப்பறம் தேக்சாவக் கழுவி வண்டியில ஏத்திருங்க." பிறகு தமிழ்செல்வியிடம் திரும்பி, "வெயில் ஏறுறதுக்குள்ள கெளம்பிரலாம். போதுமா?" என்றார்.

"அக்கா, அப்ப ஞாயித்துக்கெழம?"

"ஞாயித்துக்கெழமக்கு வாடகைப் பாத்திரம் இருக்கு. ஊருல அதுக்கா பஞ்சம்?"

கலீபுல்லா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். "நீங்க பேசாதீங்க" என்றார் மெஹ்ராஜ்.

வெள்ளிக்கிழமை விடியும்போது தேக்சா தெருவில் செங்கல் மேல் ஏறியிருந்தது. ராத்திரி கலீபுல்லா போனில் சொன்னதைக் கேட்டு, குரங்கணியிலிருந்து முதல் ஜீப்பில் காமராஜ் வந்து இறங்கினார். ஒரு கையில் அன்றைக்கு ஸ்டோரிலிருந்து எடுத்த ஏலக்காய்ப் பை, தோளில் ஒரு நீளத் தகரக் குழாய். "உப்புக் காத்துல பழைய குழாய் துருப்பிடிச்சு ஓட்டையாயிருக்கும். நானும் போயி மாட்டிக் குடுத்துட்டு வர்றேன்" என்றார்.

"கல்யாணத்துக்கு இருக்க மாட்டியா?" கலீபுல்லாவுக்கு முகம் விழுந்துவிட்டது.

"கல்யாணச் சோறுதான் இப்பயே தின்னப் போறேனே. மொய்யிக்குப் பதிலா இந்தக் குழாயக் கணக்குல எழுதிக்க."

கறி வெந்து, அரிசி போட்டு, தம் போட்ட மூடிமேல் சஜ்ஜாத் கங்குகளைப் பரப்பினார். அந்த நேரத்தில் தெருவில் எழுந்த வாசனையில் மெஹ்ராஜ் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் அந்த வீட்டு மாடியறையில், தெரியாத மனிதர்களுக்கு நடுவே, தலைகுனிந்து உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணுக்கு ஜன்னல் வழியாக வந்த முதல் ஆறுதல் அது. மழைச் சத்தம், படுதாவைப் பிடித்தவர்களின் கூச்சல், அதற்கு நடுவே இந்த வாசனை. பசிக்கிறதே, இங்கே நல்லாத்தான் சோறு போடுவார்கள் போலிருக்கிறதே என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டது ஞாபகம் வந்தது.

மூடியைத் திறந்ததும் முதல் கரண்டியை வாங்கி, ஊதி ஆற்றி, முஸ்கானுக்கு ஊட்டினார். முஸ்கான் கலைந்த தலையும் பழைய சுடிதாருமாக நின்று தின்றாள். யாரும் போட்டோ எடுக்கவில்லை. பிறகு தெரு தின்றது. மனோஜ் மூன்று தட்டுத் தின்றான். மெஹ்ராஜ் நின்றுகொண்டே தின்றார்.

"அதே ருசியாக்கா?" என்று தமிழ்செல்வி கேட்டார்.

"ருசி யாருக்கு ஞாபகம் இருக்கு? இந்தச் சூடு அதேதான்."

தேக்சாவைக் கழுவித் துடைத்து வண்டியில் ஏற்றினார்கள். மெஹ்ராஜ் அதற்குள் அரிசி மூட்டையையும் வெங்காயத்தையும் வைக்கச் சொன்னார். மேலே ஏலக்காய்ப் பையைத் தன் கையால் வைத்தார். "வெறும் பாத்திரமா எப்படி அனுப்புறது?" என்றார். கலீபுல்லா கயிறு கட்ட ஆரம்பித்தபோது, "கடையில இருக்கிற படுதா பூராத்தையும் கொண்டாங்க. அதையும் ஏத்துங்க" என்றார்.

"எல்லாத்தையுமா? ஞாயித்துக்கெழம இங்கயும் மழைங்கிறான். பந்தலுக்கு என்ன செய்ய? மாப்பிள்ள நனைஞ்சுக்கிட்டே வருவாரு."

"வரட்டும். நீங்க நனைஞ்சுக்கிட்டுத்தானே வந்தீங்க? என்ன கெட்டுப் போச்சு?"

காமராஜ் முன்சீட்டில் குழாயோடு ஏறிக்கொண்டார். தமிழ்செல்வி மெஹ்ராஜின் கையைப் பிடித்தார். ஏதோ சொல்ல வந்தவரை மெஹ்ராஜ் முந்திக்கொண்டார்.

"அந்தச் செவப்பு எழுத்த நான் தேச்சு அழிச்சுட்டேன். போனதும் மறக்காம மறுபடி எழுதிரச் சொல்லு."

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே போடிமெட்டு மலை மறைந்துவிட்டது. கீழ்க்காற்றோடு மழை வந்தது. கலீபுல்லா அக்கம்பக்கக் கடைகளில் கெஞ்சி வாங்கிய ஒரு படுதாவை, வாடகை அலுமினியத் தேக்சாக்களுக்கு மேலே நாலு பேர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மாப்பிள்ளை முகம்மது ஆசிக் கம்பத்திலிருந்து வந்து இறங்கி, புதுச் சட்டை தோளோடு ஒட்ட, தெருவில் நனைந்துகொண்டு நடந்து வந்தார். மாடி ஜன்னலில் நின்று அதைப் பார்த்த மெஹ்ராஜ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கண்ணில் நீர் வந்தது.

நிக்காஹ் முடிந்து துவா ஓதியதும் அவர் கலீபுல்லாவின் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குக் கீழே ஒதுங்கினார். மூன்று தடவை கிடைக்கவில்லை. நாலாவது தடவை, காற்றிரைச்சலுக்கு நடுவே தமிழ்செல்வியின் பெரிய குரல் கேட்டது.

"தேக்சா ஏறிருச்சா?" என்று மெஹ்ராஜ் கத்தினார்.

"ஏறிருச்சுக்கா! நேத்து மத்தியானமே. காமராஜ் அண்ணன் அடுப்ப விட்டு நகர மாட்டேங்குறாரு."

"ஜனம்?"

"கெழக்குத் தெரு பூரா வந்துருச்சு. கடக்கரை வீட்டு ஆளுங்க இப்பத்தான் வந்துக்கிட்டு இருக்காங்க. எங்க மாமியாரு இந்தத் தடவ நடந்தே வந்துட்டாங்க. கல்யாணம் முடிஞ்சுச்சாக்கா?"

"முடிஞ்சுது. மாப்பிள்ள நல்லா நனைஞ்சாரு."

அந்தப் பக்கம் சிரிப்பா காற்றா என்று தெரியவில்லை, லைன் அறுந்துவிட்டது. மெஹ்ராஜ் இன்னும் கொஞ்ச நேரம் போனைக் காதிலேயே வைத்திருந்தார். பிறகு முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு தெருவில் இறங்கினார். படுதாவுக்குக் கீழே குனிந்து நின்ற சஜ்ஜாத், கரண்டியைக் கையில் பிடித்தபடி அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, ஏறிருச்சாமா?"

"நேத்தே ஏறிருச்சாம். நீங்க வெரசாப் பந்திய ஆரம்பிங்க பாய், சோறு ஆறுது."